காடாத் தெருவில் வர்ணிகா இருந்த காலம்

வர்ணிகா காடாத் தெருவுக்கு வந்து நின்றது ஒரு மார்கழிச் சனிக்கிழமைக் காலையில். கோலங்களின்மேல் இன்னும் யார் காலும் படவில்லை. பால்காரரின் சைக்கிள் அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தது. முந்தின நாள் விளக்கு வைத்த பிறகு தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லித் தூற்றிய மண் இரட்டைச் சடையின் வகிட்டிலும் அரக்கு நிறச் சீருடையின் தோளிலும் அப்படியே ஒட்டியிருக்க, டிவியில் நிற்பதைப் போலவே ஒரு காலைச் சற்றுச் சாய்த்து, புத்தகப் பையின் வாரை இரண்டு விரலால் பிடித்தபடி, சங்கரவடிவு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வாளியோடு நிமிர்ந்த வடிவுக்கு ஆச்சரியம் ஏதும் வரவில்லை. தான் மண் தூற்றிக் கூப்பிட்டவள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு சீனியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டியாட்டி? வா, வா. அந்தப் புள்ளைய அந்தப் பாடு படுத்திட்டு உனக்கு எப்படிட்டி தொண்டையில சோறு இறங்குது?"

வர்ணிகா கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அந்தத் தெருவில் விசைத்தறிகள் பகலெல்லாம் ஓடும். நெய்கிற துணி காயம் கட்டுகிற துணி. மெல்லிய காடாத் துணி, சலித்த மாவைப் போல வெளுத்து, பட்டறையில் பிளீச்சிங் ஆகி, கண்மாய்க்கரைப் பொட்டலில் பாய் பாயாகக் காய்ந்து, பிறகு வீடு வீடாக வந்து சேரும். பெண்கள் அதைக் கை மெஷினில் சுற்றி உருளை உருளையாகச் சாக்கில் அடைப்பார்கள். எந்த ஊரில் யாருக்கு அடிபடப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது; அடிபடும் என்பது மட்டும் தெரியும். சுற்றுகிற வேலைக்குக் கை போதும், கண் வேண்டாம், வாய் வேண்டவே வேண்டாம். ஆகவே கண்ணும் வாயும் சாயங்காலமானால் டிவிக்குப் போய்விடும். அந்த வருஷம் அவை போனது 'மூன்றாவது மணி' என்ற பள்ளிக்கூடத் தொடருக்கு.

கெட்டவர்களை அந்தத் தெரு நிறையப் பார்த்திருந்தது. மருமகளின் பாலில் விஷம் கலக்கிற மாமியார்கள், தம்பியின் வயலை எழுதி வாங்குகிற அண்ணன்கள், கோயில் மணியடிக்கிற சமயம் பார்த்துச் சிரிக்கிற சித்தப்பாக்கள் எல்லாரையும் வாயாரத் திட்டிவிட்டு, படுத்தவுடன் தூங்கிவிட அவர்களுக்கு முடிந்திருந்தது. வர்ணிகாவைத் திட்டிவிட்டுத் தூங்க முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பெண். முகத்தில் பால் வடியும். ரசாயனக் கூடத்தில் தான் கை தவறி உடைத்ததை, கூடப் படிக்கிற மீனல்தான் உடைத்தாள் என்று சொல்லிவிட்டாள். மீனலைப் பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். மீனல் அழுதுகொண்டே பூக்கட்டப் போய்விட்டாள். வர்ணிகாவோ அழவில்லை, கத்தவில்லை, கெட்ட சிரிப்பும் சிரிக்கவில்லை. சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நிற்பாள், மூச்சை இழுப்பாள், உதடு பிரியும், கை மெஷின்கள் எல்லாம் தெரு முழுக்க அப்படியே நிற்கும். 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள்.

"இவளைப் பெத்தவ வயித்துல என்னத்தைக் கட்டியிருந்தா?" என்பாள் சீனியம்மா.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைஞ்சா என்னடி உனக்கு?" என்பாள் வடிவு, டிவிக்குக் கேட்கிற மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமை வர்ணிகா தலைமையாசிரியர் அறைக் கதவையே தட்டிவிட்டாள். கதவு திறந்தது. "என்னம்மா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. "ஒண்ணுமில்ல சார், தப்பா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வடிவு மடியிலிருந்த துணியை உதறிவிட்டு எழுந்தாள், வாசலுக்குப் போனாள், குனிந்து இரண்டு கையாலும் தெரு மண்ணை வாரினாள். "ஏ வர்ணிகா! ஒண்ணும் தெரியாதவ தலையில பழியப் போட்டவளே, நீ விளங்குவியா!" என்று காற்றில் தூற்றினாள்.

மண் வாரித் தூற்றுவது அங்கே எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற காரியமில்லை. தூற்றிய மண் யார்மேல் படுகிறதோ அவர் எந்தச் சீமையில் இருந்தாலும் அந்த வாசலுக்கு வந்து நின்றே தீர வேண்டும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை, நம்பிக்கை மட்டுமில்லை, அனுபவமும். பெண்டாட்டியை விட்டுவிட்டு வடக்கே ஓடிப்போன ஒருவன் அப்படி வந்து நின்றிருக்கிறான். அதனால் பெயர் தெரிந்த சொந்தக்காரர்மேல் மட்டும்தான், அதுவும் வேறு வழியே இல்லாதபோதுதான் தூற்றுவார்கள். அன்றைக்கு அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. வடிவு தூற்றியதைப் பார்த்து சீனியம்மா தூற்றினாள், அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீடு. தெரு புழுதியாகிப் போனது. தினமும் வீட்டுக்குள் வருகிறவள் சொந்தக்காரி இல்லாமல் வேறு யார்?

வடிவு ஏன் முதலில் எழுந்தாள் என்பது தெருவில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அரைப்பரீட்சையில் வடிவின் மகள் கோபிகாவும் பட்டறையில் வேலை செய்கிற பேச்சியின் மகள் காளீஸ்வரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு போன் கிடந்தது. அதில் பாடப் புத்தகத்தின் பக்கங்கள் படம் படமாக இருந்தன. யாருடையது என்று கேட்டதும் கோபிகா பயத்தில் காளீஸ்வரியைக் கைகாட்டிவிட்டாள். அம்மாக்களை வரச்சொன்னார்கள். மூலை உடைந்த அந்தப் போனை வடிவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கரண்ட் போன நாட்களில் 'மூன்றாவது மணி'யை அதில்தான் அவளும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்திருந்தார்கள். "இது எங்க வீட்டுப் போன் இல்ல டீச்சர்" என்றாள். பேச்சி, பாவம், "எங்க வீட்ல போனே கிடையாதே டீச்சர்" என்றாள். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது என்று ஆகிவிட்டது. காப்பியடித்தவள் என்ற பெயரோடு திருடி என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு காளீஸ்வரி பள்ளியை விட்டு வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித் தருகிறவள். இப்போது அம்மாவோடு பிளீச்சிங் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்ததும் தூரத்து நூல் மில்லின் வேன் வரும், பெண்களை ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போகும், அதில் அவளும் போவாள் என்று பேசி முடித்திருந்தார்கள்.

ஆகவே வர்ணிகாவை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தது வடிவுதான். தலைக்கு ஊற்றிவிட்டதும், கோபிகாவின் பழைய பாவாடை தாவணியைக் கொடுத்ததும் அவள்தான். வர்ணிகா தாவணியை மறுத்துவிட்டாள். அந்த அரக்குச் சீருடை அழுக்கே ஆகவில்லை. வடிவின் புருஷன் தறிச் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்தவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். புதிதாக ஒரு பெண் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

கோபிகா மட்டும் அவள் பக்கமே போகவில்லை. "எதுக்கும்மா இவளை வீட்டுல வச்சிருக்க? எனக்கு இவளைக் கண்டாலே ஆகாது" என்றாள். தொடரைப் பார்க்கும்போதும் தெருவிலேயே அதிகமாக வர்ணிகாவை வெறுத்தவள் அவள்தான், தலையணையைத் தூக்கி டிவிமேல் எறிகிற அளவுக்கு.

திங்கட்கிழமை தொடரில் வர்ணிகா இல்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. மற்றவர்கள் அந்த இடைவெளியைப் பார்த்துப் பேசினார்கள், பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார்கள், பிறகு மேலே பேசினார்கள். சில நாளில் இடைவெளியும் மூடிக்கொண்டது. பிறகு தொடரில் எல்லாரும் நல்லவர்கள். டிபன் பாக்ஸைத் திறந்தார்கள், பகிர்ந்து தின்றார்கள், சிரித்தார்கள், மணியடித்தது. மீனல் மட்டும் எங்கேயோ பூக்கட்டிக்கொண்டே இருந்தாள். அவளைத் திரும்பக் கூட்டிவர யாருக்கும் ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது. தெருப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, கை மெஷினில் துணி சுற்றிக்கொண்டே வர்ணிகாவும் அதைப் பார்த்தாள். நன்றாகவே சுற்றினாள். உருளைகள் கல் மாதிரி இறுக்கமாக இருந்தன.

முதல் பழியை அவள்மேல் வைத்தது சீனியம்மாதான், அதுவும் விளையாட்டாக. கட்டி வைத்த உருளைச் சாக்கை மழைச்சாரலில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனவள் அவள்; காலையில் புருஷன் கத்த ஆரம்பித்ததும், "இந்தா நிக்கிறாளே மூதேவி, இவ கால் பட்ட நேரம்தான். ஏட்டி, நீதான சாக்கை வெளியில இழுத்துப் போட்ட?" என்றாள்.

வர்ணிகா அவளைப் பார்த்தாள். "ஆமா, நான்தான்" என்றாள்.

எந்த வெள்ளிக்கிழமையும் கிடைக்காத வார்த்தை அப்படிக் கேட்டவுடனே கிடைத்துவிட்டது. சீனியம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி ஒரு லேசு. அன்று முழுக்க அவள் பாட்டுப் பாடிக்கொண்டே சோறு வடித்ததைத் தெரு கேட்டது.

அதற்குப் பிறகு யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பால் திரிந்ததற்கும் ரசத்தில் புளி கூடியதற்கும் முதலில் வந்தார்கள். பிறகு பிள்ளையைக் கரண்டியால் சுட்டவள் வந்தாள். நோயில் கிடந்த மாமியாருக்குச் சோற்றுத் தட்டை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போன ஒருத்தி வந்தாள். சாகக் கிடந்த அக்காவைப் போய்ப் பார்க்காமல், நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்ட ஒருத்தி, வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டே, "நீதான் என்னைப் போகவிடாம பண்ணிட்ட" என்றாள். ஆண்களும் வந்தார்கள், சத்தமில்லாமல் வந்தார்கள், வேகமாகச் சொன்னார்கள், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஆமா, நான்தான். ஆமா, நான்தான்.

தெரு அழகாகிக்கொண்டே வந்தது. பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள், கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிற்று, புருஷன்மார் சத்தம் போடவில்லை, குழாயடியில் சண்டை இல்லை. வர்ணிகாதான் கனத்துக்கொண்டே வந்தாள். பார்க்க அதே ஒல்லிப் பெண். ஆனால் அவள் படுத்த நார்க்கட்டில் தரையைத் தொட்டது, அவள் மிதித்த சாக்கடைப் பலகைக்கல் இரண்டாகப் பிளந்தது, ஈர மண்ணில் அவள் கால்தடம் மாட்டுக் குளம்படியைவிட ஆழமாகப் பதிந்து, அதில் தேங்கிய தண்ணீரில் குருவிகள் குளித்தன. ரேஷன் கடைத் தராசில் அவளைச் சும்மா ஏற்றிப் பார்த்தார்கள். முள் ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தராசில் அரிசி எடை போட முடியவில்லை; கடைக்காரர் கையாலேயே அள்ளிப் போட்டார். யாரும் குறை சொல்லவில்லை. குறையை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வடிவு கடைசியாகத்தான் கேட்டாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். கோபிகா பள்ளிக்கூடம் போயிருந்தாள். வர்ணிகா சுவரில் சாய்ந்து துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போன்..." என்று ஆரம்பித்தாள் வடிவு.

"ஆமா, நான்தான்" என்றாள் வர்ணிகா.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலயே."

வர்ணிகா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுவரில் மெல்ல ஒரு விரிசல் ஓடிற்று.

அன்றிரவு வடிவு பல வாரங்களுக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினாள். காலையில் பட்டறைக்குத் துணி வாங்கப் போனபோது தொட்டியருகே காளீஸ்வரி நின்றிருந்தாள். பிளீச்சிங் பவுடரில் அவள் விரல்கள் தோலுரிந்து, வெள்ளைப் பூண்டு மாதிரி இருந்தன. "வாங்க சித்தி, துணி இன்னும் காயலை" என்றாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. அதைத் தொட்டி விளிம்பில் காய்ந்த காடாத் துணியின் ஒரு நுனியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். வடிவு தான் எவ்வளவு நன்றாகத் தூங்கினோம் என்பதை நினைத்தாள். வாய் கசந்தது.

அவளால் அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான். பேச்சியைத் தனியே கூப்பிட்டு, "அந்தப் போன் விஷயம், அந்த வர்ணிகா ஒத்துக்கிட்டா. அவதான் செஞ்சாளாம்" என்றாள்.

பேச்சி குண்டி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வர்ணிகாவைக் கையோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். இருவரும் நடந்து போன பாதையில் தார் அழுந்திக் கிடந்தது. தலைமையாசிரியையும் 'மூன்றாவது மணி' பார்க்கிறவர்தான். வர்ணிகாவை உட்காரச் சொல்லவில்லை, நாற்காலிமேல் பயம். "வாம்மா, நீதானா. வீட்ல எல்லாரும் உன்னைத் திட்டாத நாளில்லை" என்றார். பேச்சி சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, "பேச்சியம்மா, இது எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையே. இவ செஞ்சான்னு வச்சு நான் உங்க பொண்ணை எப்படித் திரும்பச் சேர்ப்பேன்? இங்க படிக்கிற பிள்ளை யாராவது, பெத்தவங்களோட வந்து, நான்தான்னு சொல்லணும்" என்றார்.

"இவ சொல்றாளே டீச்சர்."

"இவ எல்லாத்தையும்தான் சொல்றா."

பேச்சி திரும்பி வந்தாள். வடிவிடம் டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏதாவது வருமா என்பதைப் போல வடிவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வடிவு, "காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் வடிவு மகளிடம் கேட்டாள். "கோபி, டீச்சர்ட்ட போயிருவமா?"

"போயி?"

"உள்ளதச் சொல்லிருவோம்."

கோபிகா சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. என்னை வெளிய அனுப்பிருவாங்க. நீயும்தான் இல்லன்னு சொன்ன. இப்ப எதுக்கு?" என்றாள். "அதான் அவ ஒத்துக்கிட்டால்ல."

வடிவு விளக்கைப் போட்டாள். உத்தரத்தைத் தாங்குகிற சுவரில் விரிசல் ஒரு கை நீளம் வளர்ந்திருந்தது.

பொங்கல் வந்தது, போனது. கரும்புச் சக்கை தெருவில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் மில் வேன் வந்தது. கம்பளி மப்ளர் சுற்றிய ஏஜென்ட் ஒருவர் முன்சீட்டில் இருந்தார். வேறு ஊர்களில் ஏற்றிய பெண்கள் தூக்கக் கலக்கத்தோடு ஜன்னலில் தலை சாய்த்திருந்தார்கள். காளீஸ்வரி கட்டைப்பையும் தலையணையுமாக ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

யோசனை சீனியம்மாவுடையது. "இவளையும் இதுல ஏத்தி விட்ருவோம். வடிவு வீடு இடிஞ்சு விழப் போகுது. போற இடத்துல இவளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்." தெருவில் எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. சிலருக்குக் கண் கலங்கவும் செய்தது, பழகிய பெண் இல்லையா. வர்ணிகா மறுக்கவில்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

வேனின் பின்சக்கரங்கள் பொங்கலுக்குக் கொட்டிய புது மண்ணில் அச்சு வரைக்கும் இறங்கின. டிரைவர் எஞ்சினை உறும விட்டான். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். புகை வந்தது, மண் சிதறியது, வண்டி அரை அடி நகரவில்லை.

வடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நகராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நகராவிட்டால் காளீஸ்வரி போக மாட்டாள், யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, தெய்வமே பார்த்துச் செய்கிறது என்றுகூட நினைத்தாள்.

"அந்த யூனிபாரம் போட்ட புள்ளைய இறக்குங்கப்பா" என்றார் ஏஜென்ட். "அது பேரை யாரும் எங்கிட்டச் சொல்லவே இல்ல."

வர்ணிகா இறங்கினாள். அவள் கணுக்கால் வரை மண்ணுக்குள் போனது. வேன் துள்ளி மேலே எழும்பிற்று. டிரைவர் கியரைப் போட்டான்.

அப்போது காளீஸ்வரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வடிவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த கோபிகாவைக் கூப்பிட்டாள்.

"கோபி."

கோபிகா நிமிர்ந்தாள்.

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லட்டி. அவதான செஞ்சா. எல்லாரும் சொல்றாங்களே. நல்லா எழுது, என்ன? அந்த அஞ்சாவது பாடத்துக் கணக்கு மட்டும் திரும்பப் போட்டுப் பாரு, நீ அதுல வழுக்கிருவ."

குத்திப் பேசுகிற குரல் இல்லை. அப்படிக் குத்திப் பேசியிருந்தால் வடிவு தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் உண்மையாகவே நம்பியிருந்தாள். நம்பாவிட்டால் வேனில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதற்காக நம்பியிருந்தாள்.

வடிவு படியிறங்கி ஓடினாள். வேனின் தகரத்தில் உள்ளங்கையால் அறைந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தெருக்கோடி வரை கேட்டது.

"நிறுத்துங்க. அந்தப் போன் எங்க வீட்டுது. மூலை உடைஞ்சது என் கையில. கோபிதான் கொண்டு போனா. எங்களுது இல்லன்னு டீச்சர்ட்ட சொன்னது நான்."

கோபிகா, "அம்மா!" என்றாள். பிறகு ஓடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"என்ன வடிவு உளறுற?" என்றாள் சீனியம்மா, பதறிப்போய். "அதான் அந்தப் புள்ள ஒத்துக்கிட்டால்ல!"

"அவ எதைத்தான் ஒத்துக்கிடல மதினி?"

தெரு அப்படியே நின்றது. யாரும் வடிவைப் பாராட்டவில்லை. கூட்டத்தில் ஒருத்தி மட்டும், அக்காவைப் போய்ப் பார்க்காதவள், வர்ணிகாவின் புதைந்த கால்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் வடிவைப் பார்த்த பார்வை, நன்றாக உடுத்தி விருந்துக்கு வந்த இடத்தில் தங்கள்மேல் சாணியை வாரி இறைத்தவளைப் பார்க்கிற பார்வை. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். வர்ணிகா ஒரு காலை மண்ணிலிருந்து உருவி எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான் அவளுக்குக் குறைந்தது.

(அதற்குப் பிறகும் அவள் அந்தத் தெருவில் இருந்தாள். மாசி முழுக்க இருந்தாள். சிலர் இருட்டினபின் வந்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குனிந்த தலையோடு போனார்கள். சிலர் கேட்கவே இல்லை. சீனியம்மா வர்ணிகாவின் பக்கம் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டாள். பங்குனி வெயிலில் ஒரு நாள் அவளைக் காணவில்லை. 'மூன்றாவது மணி' அதற்குள் முடிந்து, அந்த நேரத்தில் வேறு ஏதோ போட்டுக்கொண்டிருந்தார்கள்.)

"இந்தப் பொண்ணு வருதா இல்லையா?" என்றார் ஏஜென்ட். "எனக்கு இன்னும் மூணு ஊரு கிடக்கு."

பேச்சி வேனில் ஏறி, கட்டைப்பையையும் தலையணையையும் கீழே போட்டாள், மகளின் கையைப் பிடித்து இறக்கினாள். வேன் போனது. பிறகுதான் வடிவின் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்ல போனே இல்லன்னு நான் சொன்னப்ப, நீங்க என் பக்கத்துலதானக்கா நின்னீங்க."

"ஆமா பேச்சி."

"என் முந்தானை உங்க மேல பட்டுக்கிட்டு இருந்துச்சு."

வடிவு தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை டீச்சர்ட்ட வந்து இதையே சொல்லணும். கோபியையும் கூட்டிட்டு வரணும்."

"வாரேன்."

"வராம இருந்திராதீங்க" என்றாள் பேச்சி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று வடிவுக்குத் தெரிந்திருந்தது. பெஞ்சில் காளீஸ்வரியின் இடம் திரும்பக் கிடைக்கும்; கோபிகாவின் இடம் போய்விடும். மகள் தன்னோடு எப்போது பேசுவாள் என்பது தெரியவில்லை. பேசாமலே போகலாம்.

காளீஸ்வரி தலையணையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பேச்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். "புள்ள போயிருவான்னு காலையில உலையே வைக்கல" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "ராத்திரியிலேருந்து ஒண்ணும் திங்கல இவ."

வடிவு தன் வீட்டு வாசலுக்குப் போனாள். கதவு தாழிட்டிருந்தது. கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய், வெளியடுப்பின்மேல் ஆறிக்கொண்டிருந்த கேப்பைக் கூழைத் தட்டில் ஊற்றி எடுத்து வந்தாள். பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். காளீஸ்வரி தட்டை வாங்கினாள். வடிவைப் பார்க்கவில்லை. தோலுரிந்த விரல்களால் ஒரு வாய் எடுத்துக் குடித்தாள், இன்னொரு வாய்.

"உப்பு இல்ல" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

வடிவு திரும்பிப் போய்ச் சாத்திய கதவில் கை வைத்தாள். தட்டவில்லை.

"கோபி" என்றாள். "காளி கூழ் குடிக்கிறா. உப்பு இல்லையாம்."

எங்கேயோ ஒரு தறி ஓட ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஓடியது. வடிவு நெற்றியைக் கதவில் சாய்த்தபடி நின்றாள். வெகுநேரம் கழித்து அடுக்களையில் ஏதோ நகர்கிற சத்தம், பிறகு கால் தேய்க்கிற சத்தம், பிறகு தாழ்ப்பாள். கதவு ஒரு சாண் திறந்தது. முகம் தெரியவில்லை. உப்பு ஜாடியைப் பிடித்த கை மட்டும் வெளியே வந்தது.